ஏகெஸ்கோவ்: ஏரி நடுவே ஒரு மாளிகையும் அதைச் சுமந்த நிலங்களும்

டென்மார்க்கின் ஃபூன் தீவில், ஓடென்ஸ நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், க்வேர்ன்ட்ரப் என்ற சிற்றூருக்கு அருகில் ஏகெஸ்கோவ் மாளிகையைக் காணலாம். ஐந்து மீட்டர் வரை ஆழமுள்ள ஒரு சிறிய ஏரிக்குள், அடிச்சேற்றில் இறக்கப்பட்ட ஓக் மரத்தூண்களின் மேல் நிற்கும் அதன் செங்கற்சுவர்கள் நீரிலிருந்தே நேராக எழுகின்றன. ‘ஏக்’ என்பது ஓக் மரம், ‘ஸ்கோவ்’ என்பது காடு. அடித்தளம் போடுவதற்காக ஒரு காட்டையே வெட்டியதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை அழகானதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இன்றைய மாளிகை 1554இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏகெஸ்கோவ் என்ற பெயரோ 1405ஆம் ஆண்டிலேயே ஆவணத்தில் வந்துவிடுகிறது. பெயர் முதலில் நிலத்துக்கு இருந்தது. நாம் இன்று பார்க்கும் வீடு ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்து அதை எடுத்துக்கொண்டது.

டேனிஷ் மொழியில் இத்தகைய மாளிகையை ‘ஹெர்ரகோர்’ என்பார்கள். ‘ஹெர்ர’ என்றால் எசமானன், ‘கோர்’ என்றால் பண்ணை. எசமானனின் பண்ணை என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். கோபுரங்களையும் அகழியையும் படமெடுத்துக்கொண்டு திரும்பும் பயணிக்கு இந்தப் பண்ணை கண்ணில் படுவதில்லை. வழிகாட்டிப் புத்தகங்களும் பெரும்பாலும் யார் கட்டினார், யார் யாரை மணந்தார், எந்த அறையில் ஆவி நடமாடுகிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஏகெஸ்கோவின் சுவர் ஏன் அவ்வளவு தடிப்பு, அது ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது, நான்கு நூற்றாண்டுகள் அதன் கூரையை யாருடைய பணம் பழுதுபார்த்தது, இருபதாம் நூற்றாண்டில் அது ஏன் நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்கியது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, வீட்டைவிட்டு வெளியே வந்து வயல்களைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

ஒரு டேனிஷ் எசமானனின் நிலம் இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, மாளிகையை ஒட்டி அவனே நேரடியாகப் பயிரிடுவித்த பண்ணை நிலம். மற்றது, பல ஊர்களில் சிதறிக் கிடந்த குடிநிலம்; அதைக் குடியானவர்கள் குத்தகைக்கு வைத்திருந்தார்கள். குடியானவன் நிலத்தைப் பெறும்போது ஒரு நுழைவுத் தொகை கட்டினான். பிறகு ஆண்டுதோறும் தானியமாகவும் வெண்ணெயாகவும் பன்றியாகவும் கோழியாகவும் குத்தகை அளந்தான். இவற்றுக்கு மேல் பண்ணை நிலத்தில் கூலியின்றி உழைத்தும் கொடுத்தான். டேனிஷ் மொழியில் ‘ஹோவெரி’ எனப்பட்ட இந்த உழைப்பைத் தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ என்ற சொல்லால் குறித்தால் பெரிதாகத் தவறாகாது. உழவும் அறுப்பும் வைக்கோல் ஏற்றுவதும் வேலி கட்டுவதும் துறைமுகத்துக்கு வண்டியோட்டுவதும் இதில் அடங்கும். ஏரும் வண்டியும் குதிரையும் குடியானவனுடையவை. வேலை நாளை எசமானன் குறிப்பான். எனவே ஒரு பெரும்பண்ணையைச் சிறிய முதலீட்டிலேயே நடத்த முடிந்தது. பண்ணையின் கருவிகளும் உழவு மாடுகளும், ஒருவகையில், சுற்றுப்புற ஊர்களின் கொட்டில்களில்தான் இருந்தன.

இந்த ஏற்பாட்டைச் சட்டமும் தாங்கிப்பிடித்தது. பிரபுவின் பண்ணை நிலத்துக்கு வரி கிடையாது. மாளிகை இருக்கும் அதே திருச்சபை வட்டத்தில் வாழ்ந்து வாரந்தோறும் வேலைக்கு வந்த குடிகளுக்கும் அரச வரியிலிருந்து விலக்கு இருந்தது. அரசுக்குப் போகவேண்டிய பங்கு உழைப்பாக மாறி எசமானனிடம் போய்ச்சேர்ந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 1523இல் அரியணை ஏறிய முதலாம் ஃப்ரெடெரிக், பிரபுக்களுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழியில், தம் குடிகளின் குற்றங்களுக்கு வழக்குத் தொடரவும் தண்டத்தொகையைத் தாமே எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை அளித்தார். ‘கழுத்தும் கையும்’ என்று அந்த உரிமைக்குப் பெயர். மிகைப்படுத்தாத பெயர்.

பதினொரு ஆண்டுகளில் அந்தக் குடிகள் எழுந்தார்கள். 1533இல் ஃப்ரெடெரிக் இறந்தபின் அரியணைக்காக மூண்ட உள்நாட்டுப் போரை டேனிஷ் வரலாறு ‘கோமகன் போர்’ என்கிறது. 1534 முதல் 1536 வரை அது நடந்தது. டென்மார்க்கின் பெருநிலத் தீபகற்பமான ஜட்லாந்தில் ஸ்கிப்பர் கிளெமெண்ட் என்பவர் தலைமையில் குடியானவர்கள் திரண்டு பிரபுக்களின் மாளிகைகளைக் கொளுத்தினார்கள். ஃபூன் தீவிலும் மாளிகைகள் சூறையாடப்பட்டன. படைத்தலைவர் யோஹன் ரன்ட்ஸௌ 1534 டிசம்பரில் ஓல்போர் நகரிலும், 1535 ஜூனில் ஃபூன் தீவின் ஓக்ஸ்னெபியர் குன்றிலும் எதிரணியை முறியடித்தார். மூன்றாம் கிறிஸ்டியன் அரசரானார்; 1536இல் சமயச் சீர்திருத்தம் வந்தது; திருச்சபையின் பெருநிலங்கள் அரசுக்குப் போயின. பிரபுக்கள் வென்றவர்களின் பக்கத்தில் இருந்தார்கள் என்றாலும், தங்கள் வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

ஏகெஸ்கோவ் அந்த நினைவில் கட்டப்பட்ட வீடு. ஃப்ரன்ஸ் ப்ரோக்கென்ஹூஸ் 1545இல் ஆன் டின்ஹூஸை மணந்ததன் வழியாக இந்தச் சொத்துக்கு உரியவரானார். அவர் எழுப்பியது உண்மையில் ஒரு வீடன்று, இரண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு நீண்ட கட்டடங்களை ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த இரட்டைச் சுவர் நடுவில் இணைக்கிறது. அந்தச் சுவருக்குள்ளேயே மறைவான படிக்கட்டுகளும் ஒரு கிணறும் வைக்கப்பட்டன. முன்கட்டு எதிரியின் கைக்குப் போனாலும் பின்கட்டுக்கு ஒதுங்கித் தண்ணீர்க் கவலையின்றிப் போரைத் தொடரலாம் என்பது திட்டம். முனைகளில் உருண்டைக் கோபுரங்கள், சுவரில் துப்பாக்கித் துளைகள், உள்ளே வர ஒரே வழியாகத் தூக்குப்பாலம். 1550களில் ஐரோப்பியப் பீரங்கிகள் இருந்த நிலையில், ஒரு முறையான படையின் முன் இந்தக் கோட்டை நெடுநாள் தாங்கியிருக்காது. அரிவாளும் தீப்பந்தமும் கொண்டுவரும் கூட்டத்தைத் தடுக்க இது போதும், போதுமானதற்கு மேலும்கூட. எந்தப் பகைவனை மனத்தில் வைத்து ஒரு சுவர் கட்டப்பட்டது என்பதைச் சுவரின் தடிப்பே சொல்லிவிடும். இங்கே அது பக்கத்து ஊர்க் குடியானவனைச் சுட்டுகிறது என்றே நான் படிக்கிறேன்.

கட்டுவதற்குப் பணமும் அதே குடியானவனின் நிலத்திலிருந்துதான் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் நகரங்கள் பெருத்தன. தானியத்துக்கும் இறைச்சிக்கும் விலை ஏறியது. குடியானவன் வளர்த்த காளைகளை எசமானன் வாங்கி, குளிர்காலம் முழுவதும் தன் தொழுவத்தில் கட்டித் தீனிபோட்டுக் கொழுக்கவைத்து, வசந்தத்தில் தெற்கே ஓட்டிவிடுவான். இப்படித் தொழுவத்தில் கட்டிக் கொழுக்கவைக்கும் உரிமை பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. ஆண்டுக்குப் பல்லாயிரம் காளைகள் ஜட்லாந்தின் மாட்டுத்தடங்கள் வழியே ஹோல்ஸ்டைன் சந்தைகளுக்கு நடந்துபோய், அங்கிருந்து ஹாம்பர்க்குக்கும் நெதர்லாந்துக்கும் விற்கப்பட்டன. டென்மார்க்கின் பல பேர்பெற்ற மாளிகைகள் ஏறத்தாழ 1540க்கும் 1630க்கும் இடையில் எழுந்ததற்கு இந்தக் காளைப் பணமே பெரிய காரணம். அக்காலத்தில் பிரபு வகுப்பினர் மொத்தமே சுமார் 2000 பேர்தான். நாட்டின் விளைநிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அவர்கள் கையில் இருந்தது. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி அரசருடையது. சொந்த நிலமுள்ள குடியானவர் மிகச் சிலரே.

கையில் உள்ள நிலம் சிதறிக் கிடந்ததால் வெட்டியை வாங்குவது கடினம். இரண்டு நாள் பயண தூரத்தில் இருப்பவன் உழவுக்கு வரமுடியாது. ஆகவே பிரபுக்கள் தொலைவில் உள்ள தம் குடிநிலங்களை அரசரிடம் கொடுத்து, மாளிகைக்கு அருகிலுள்ள அரச நிலங்களை மாற்றாகப் பெற்றார்கள். 1570களில் இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் காலத்தில் இந்த நிலமாற்றங்கள் உச்சத்தில் இருந்தன. அரசருக்கும் வேட்டைக்காடுகளை ஒன்றுசேர்க்கும் ஆசை இருந்ததால் பேரம் எளிதாகவே படிந்தது. மாளிகையைச் சுற்றி ஒரே திரளாக நிலம் கிடக்கும் இன்றைய காட்சி, இப்படிப் பத்திரங்கள் வழியாகப் பொறுமையாகச் சேர்க்கப்பட்டது. தன் பண்ணை நிலத்தை விரிக்க விரும்பிய எசமானன் குடியானவர் வீடுகளைப் பிரித்து, சில இடங்களில் முழு ஊரையே கலைத்து, வயலாக்கியதும் உண்டு.

ஃப்ரன்ஸ் ப்ரோக்கென்ஹூஸ் நாட்டின் படைத்தலைமைப் பதவி வரை உயர்ந்து, ஸ்வீடனுக்கு எதிரான போரில் 1569இல் வார்பெர் கோட்டை முற்றுகையின்போது மாண்டார். அவருடைய மகன் லௌரிட்ஸின் காலத்தில்தான் ஏகெஸ்கோவில் மிகுதியாகச் சொல்லப்படும் துயரக்கதை நடந்தது. லௌரிட்ஸின் மகள் ரிக்போர், அரசியின் தோழியாக அரண்மனையில் இருந்தவள். ஃப்ரெடெரிக் ரோசென்க்ரான்ட்ஸ் என்ற இளம் பிரபுவுடன் உறவுகொண்டு, 1599இல் மணமாகாமலேயே ஓர் ஆண்குழந்தையைப் பெற்றாள். ரோசென்க்ரான்ட்ஸுக்கு இரண்டு விரல்களை வெட்டவும் பிரபுப் பட்டத்தைப் பறிக்கவும் தீர்ப்பானது. பின்னர் அது ஹங்கேரியில் துருக்கியருக்கு எதிராகப் போரிடும் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1602இல் அவன் இறந்தான். ரிக்போரைத் தந்தை ஏகெஸ்கோவின் ஓர் அறையில் அடைத்தார். வாசலைச் சுவர்வைத்து மூடி, உணவு கொடுக்க ஒரு துளை மட்டும் விட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1604இல் லௌரிட்ஸ் இறந்த பிறகே அவள் வெளியே வந்தாள். தீர்ப்பு நடந்தது நான்காம் கிறிஸ்டியனின் ஆட்சியில். 1620இல் தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பியது இதே அரசரின் படையினர்தான் என்பது தமிழ் வாசகருக்கு அந்தக் காலத்தை அடையாளம் காட்டக்கூடும்.

இதைக் கொடிய தந்தையின் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் டேனிஷ் சட்டத்தில் பிரபுக்குலப் பெண்ணுக்கும் நிலத்தில் பங்கு இருந்தது. சகோதரனுக்குக் கிடைப்பதில் பாதி அவளுக்குச் சேரும். லௌரிட்ஸின் தந்தைக்கே ஏகெஸ்கோவ் மனைவி வழியாக வந்த சொத்துதான் என்பதை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும். ஒரு மகளின் திருமணம் என்பது பல ஊர்களின் குடிநிலம் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குக் கைமாறும் நிகழ்ச்சி. அந்தக் கைமாற்றம் தந்தையின் பேரத்துக்கு வெளியே நடந்துவிட்டது என்பதும் லௌரிட்ஸின் சினத்தில் ஒரு பங்காக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். மானம் என்று அவர்கள் சொன்னதில் மண்ணும் கலந்திருந்தது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் மாளிகை ஓட்டே க்ராக் என்பவரிடம் வந்தது. நேரம் மோசமானது. 1658 தொடக்கத்தில் கடல் உறைந்தபோது ஸ்வீடன் படை பனிக்கட்டியின் மேல் நடந்து ஃபூன் தீவைக் கடந்தது. 1659 நவம்பரில் நியூபோர் நகருக்கு அருகே நடந்த போரில்தான் அப்படை தோற்கடிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எதிரிப் படைக்கும் சோறுபோட்டு, பின்பு மீட்க வந்த நேசப்படைக்கும் சோறுபோட்ட தீவின் ஊர்களில் கால்நடையும் விதைத்தானியமும் தீர்ந்துபோயின. கடனில் மூழ்கிய அரசு 1660இல் கோபன்ஹேகனில் சபையைக் கூட்டியபோது, பிரபுக்கள் தங்கள் வரிவிலக்கை விட மறுத்தார்கள். அவர்கள் தரப்பில் பேசிய ஓட்டே க்ராக், நகரத்தாரை ‘விடுதலையற்றவர்கள்’ என்று குறிப்பிட்டுத் தங்களோடு ஒப்பிடக்கூடாது என்றதாகவும், அந்தச் சொல் சபையைக் கொதிக்கவைத்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்த இலையுதிர்காலம் முடிவதற்குள் நகரத்தாரும் திருச்சபையினரும் அரசரோடு சேர்ந்துகொள்ள, முடியாட்சி பரம்பரை உரிமையாகி, வரம்பற்ற ஆட்சியாக மாறியது. பெருநிலம் வாங்கும் உரிமை பிரபுக்களுக்கு மட்டும் என்றிருந்தது போய், கையில் பணமுள்ள எவரும் மாளிகை வாங்கலாம் என்றானது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் வரலாற்றில் குறைவு.

புதிய அரசு நிலத்தைக் கணக்கெடுத்தது. 1681இல் தொடங்கி 1688இல் நடைமுறைக்கு வந்த நில அளவையில் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, ‘ஹார்ட்கோர்ன்’ என்ற அலகில் மதிக்கப்பட்டது. ‘கடினத் தானியம்’ என்று பொருள்படும் இந்த அலகு பரப்பை மட்டும் குறிக்கவில்லை. ரை என்ற தானியமும் பார்லியும் எவ்வளவு விளையும் என்ற கணிப்பை வைத்து நிலத்தின் தரத்தையும் சேர்த்து அளந்தது. நல்ல மண்ணில் ஒரு பீப்பாய் ஹார்ட்கோர்னுக்கு ஐந்தாறு ஹெக்டேர் போதும், மணற்பாங்கான ஜட்லாந்தில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். 1682இல் ஒரு விதி வந்தது: மாளிகையிலிருந்து இரண்டு டேனிஷ் மைல் (ஏறத்தாழ 15 கிலோமீட்டர்) தூரத்துக்குள் குறைந்தது 200 பீப்பாய் ஹார்ட்கோர்ன் குடிநிலம் இருந்தால்தான் அது ‘முழுமையான’ மாளிகை, அப்போதுதான் பண்ணை நிலத்துக்கு வரிவிலக்கு. கோபுரமும் அகழியும் எவ்வளவு இருந்தாலும் குடிநிலம் குறைந்தால் மாளிகைத் தகுதி போய்விடும் என்று சட்டமே சொல்லிவிட்டது. இந்தக் கட்டுரையின் கருத்தை அரசு எழுத்தர்கள் முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வரியில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வரிவிலக்கோடு கூடவே வேலையும் வந்தது. குடிகளின் வரியை வசூலித்துக் கட்டுவதும், படைக்கு ஆள் எடுத்துக்கொடுப்பதும் எசமானனின் பொறுப்பானது. குடி கட்டாவிட்டால் அவன் கட்டவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இதன் விளைவு கடுமையாக வெளிப்பட்டது. தானிய விலை சரிந்த காலத்தில் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போகத் தொடங்கினார்கள். ஆளில்லாத குத்தகை நிலங்கள் பெருகின. 1733இல் ஆறாம் கிறிஸ்டியனின் அரசு, 14 முதல் 36 வயது வரையுள்ள குடியானவ ஆண்கள் பிறந்த பண்ணையெல்லையை விட்டு எசமானனின் அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்று ஆணையிட்டது. ஊர்ப்படைக்கு ஆள் திரட்டுவதே வெளியில் சொன்ன காரணம். வயலுக்கு மலிவாக ஆள் நிறுத்துவதும் கூடவே நிறைவேறியது. வயது வரம்பு 1742இல் 9 முதல் 40 ஆகவும், 1764இல் 4 முதல் 40 ஆகவும் விரிந்தது. நான்கு வயதுக் குழந்தையால் படைக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு ஆணையில் விடையில்லை. குழந்தையோடு குடும்பம் நகராமல் நிற்கும் என்பதுதான் அதன் பயன்.

இந்தக் கட்டு ஃபூன் தீவுக்குப் புதியது என்பதைச் சொல்லவேண்டும். ஷெலாண்ட், லோலண்ட் முதலிய கிழக்குத் தீவுகளில் குடியானவ ஆண்களை நிலத்தோடு பிணைக்கும் பழைய வழக்கம் இடைக்காலத்திலிருந்தே இருந்து, 1702இல் நீக்கப்பட்டது. ஃபூன், ஜட்லாந்து குடியானவர்களுக்கு அப்படிப்பட்ட பிணைப்பு முன்பு இருந்ததில்லை. எனவே 1733 அவர்களுக்குப் பழைய அடிமைத்தனத்தின் எச்சமாக வரவில்லை, கண்ணெதிரே எழுதப்பட்ட புதிய விலங்காக வந்தது. ஆளை வேறிடம் போகவிடாமல் செய்தபிறகு, கெட்டுப்போன நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க அவனைக் கட்டாயப்படுத்தலாம். மறுத்தால் படைக்கு அனுப்பலாம். நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தானிய விலை மீண்டும் ஏறியபோது வெட்டி நாட்களும் ஏறின. மேற்பார்வையாளனின் பிரம்பும், முதுகு கூரான மரக்குதிரையின் மேல் காலில் பளுவைக் கட்டி உட்காரவைக்கும் தண்டனையும் இக்காலத்து டேனிஷ் பண்ணைகளின் நினைவில் தங்கிவிட்டவை.

1784இல் ஏகெஸ்கோவ் பில்லே குடும்பத்தின் கைக்கு மாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் பட்டத்து இளவரசர் ஃப்ரெடெரிக் அரண்மனைக்குள்ளேயே ஆட்சியைக் கைப்பற்றி, சீர்திருத்தம் விரும்பிய பிரபுக்களை அமைச்சர்களாக்கினார். 1786இல் பெரும் வேளாண் ஆணையம் அமைந்தது. 1788 ஜூன் 20ஆம் நாள் ஆணை குடியானவனைக் கட்டிய கட்டை அவிழ்த்தது. எல்லா வயதினருக்கும் அது 1800க்குள் முழுமையாயிற்று. இதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் டிட்லெவ் ரெவென்ட்லோ ஒரு பெருநிலக்கிழார். அவருடைய தம்பி லுட்விக் ரெவென்ட்லோ, ஏகெஸ்கோவுக்கு அதிகத் தொலைவில்லாத ப்ராஹெட்ரோல்லெபோர் மாளிகைக்கு உரியவர். தம் குடிகளுக்கு வெட்டியை நீக்கி, நிலத்தைப் பரம்பரைக் குத்தகையாக்கி, பள்ளிகளைத் திறந்தார். அண்டை எசமானர்கள் பலர் இதை நல்ல கண்ணால் பார்க்கவில்லை.

எசமானர்களே ஏன் இதைச் செய்தார்கள் என்பதற்கு மனிதநேயம் மட்டும் விடையாகாது. வெட்டிக்கு வருபவன் தன் இளைத்த குதிரையையும் தேய்ந்த கலப்பையையும் கொண்டுவருவான். நேரம் போக்கிவிட்டுத் திரும்புவான். கூலிக்கு ஆள் வைத்து, தன் குதிரையைக் கொண்டு உழுதால் விளைச்சல் கூடும் என்று கணக்குப் போட்ட நிலக்கிழார்கள் இருந்தார்கள். 1781ஆம் ஆண்டின் ஆணைக்குப் பின், ஊர்ப் பொதுவில் பட்டைப் பட்டையாகக் கலந்து கிடந்த வயல்கள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குடிக்கும் ஒரே துண்டாக நிலம் சேர்க்கப்பட்டது. பலர் ஊர் நடுவிலிருந்த வீட்டைப் பிரித்துத் தம் வயலிலேயே கட்டிக்கொண்டார்கள். டென்மார்க்கின் கிராமப்புறத்தில் இன்று வீடுகள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்பது இதனால்தான். தொலைவிலிருந்த குடிநிலங்களை எசமானர்கள் குடிகளுக்கே விற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேனிஷ் குடியானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொந்த நிலத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிலமில்லாதவனுக்கும், வீட்டோடு ஒரு துண்டு நிலம் மட்டும் வைத்திருந்தவனுக்கும் நடந்தது வேறு. ‘ஹூஸ்மன்’ எனப்பட்ட இந்தக் குடிசைக்காரனுக்கு வயல் பிரிப்பில் பங்கு கிடைக்கவில்லை. அதுவரை அவன் மாடு மேய்ந்த பொதுநிலமும் பிரிக்கப்பட்டு மறைந்தது. பெரிய குடியானவன் விட்டுப்போன வெட்டியின் ஒரு பகுதி குடிசை வாடகைக்கு ஈடான உழைப்பாக இவன் தலையில் விழுந்தது. 1788 எல்லாரையும் விடுவித்தது என்ற பேச்சில் இவர்கள் இடம்பெறுவதில்லை.

வெட்டி போன மாளிகைகள் தளர்ந்துவிடவில்லை. நிலம் விற்ற பணம் பண்ணை நிலத்துக்குள் வந்தது. சுண்ணாம்புக் களிமண் இட்டார்கள், மண்ணுக்கடியில் வடிகுழாய் பதித்தார்கள், கறவை மாடுகளைப் பெருக்கினார்கள். நூற்றாண்டின் நடுவில் லண்டன் சந்தையில் நல்ல விலைக்குப் போன டேனிஷ் வெண்ணெய், மாளிகைப் பண்ணைகளில் கடைந்த வெண்ணெய்தான். குடியானவன் வீட்டு வெண்ணெய் பல கைகளில் கலந்து, தரம் மாறி, மலிவாகவே போயிற்று. 1870களின் இறுதியில் பாலிலிருந்து ஏட்டைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. 1882இல் ஜட்லாந்தின் ஹியெடிங் ஊரில் குடியானவர்கள் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணையைத் தொடங்கினார்கள். பத்துப் பசு வைத்திருந்தவனின் பாலும் நூறு பசு வைத்திருந்தவனின் பாலும் ஒரே இயந்திரத்தில் பிரிந்து ஒரே தரமாயின. எசமானனின் வெண்ணெய்க்கென்று இருந்த தனி மதிப்பு சில ஆண்டுகளில் கரைந்தது.

அதே 1882இல் ஏகெஸ்கோவ் பெண்வழி வாரிசாக ஆலெஃபெல்ட்-லௌர்விக்-பில்லே குடும்பத்துக்கு வந்தது. ஓடென்ஸ–ஸ்வென்போர் ரயில்பாதை 1876இலிருந்தே க்வேர்ன்ட்ரப் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. புதிய உரிமையாளர்கள் பண்ணையை மாதிரிப் பண்ணையாக மாற்றினார்கள்: சொந்தப் பாற்பண்ணை, சொந்த மின்நிலையம், முதன்மைப் பாதையோடு இணையும் சொந்தத் தண்டவாளம். ஸ்வீடன் கட்டடக் கலைஞர் ஹெல்கோ செட்டர்வால் மாளிகையைப் பழுதுபார்த்து, கோபுரங்களை உயர்த்தி, புதிய வாயில்கட்டையும் எழுப்பினார். இன்று அஞ்சலட்டைகளில் காணும் ‘பழங்கால’ உருவத்தில் ஒரு பகுதி 1880களின் கைவண்ணம். தண்டவாளத்தில் பாற்பீப்பாய் போய்க்கொண்டிருந்த காலத்தில் கோபுரம் மட்டும் பதினாறாம் நூற்றாண்டைவிடப் பழையதாகத் தோன்றும்படி ஆக்கப்பட்டது.

அரசியல் பின்தொடர்ந்து வந்தது. 1849 அரசியல் சட்டம் பட்டங்களோடு ஒட்டிய தனிச்சலுகைகளை ஒழித்தது. கோமகன் பட்டங்களோடு பிணைந்து விற்கவோ பிரிக்கவோ முடியாதிருந்த பெருநிலங்களை விடுவிப்பதாகவும் அது வாக்களித்தது. அதை நிறைவேற்ற எழுபது ஆண்டுகள் ஆயின. 1919 அக்டோபரில் வந்த சட்டப்படி, அத்தகைய சொத்தை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள விரும்பியவர் மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அரசுக்குக் கட்டவேண்டும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விலைக்கு அரசிடம் ஒப்படைக்கவும் தயாராக இருக்கவேண்டும். அந்த நிலத்தில் குடிசைக்காரர்களுக்குச் சிறு பண்ணைகள் வகுக்கப்பட்டன. 1788இல் பங்கு கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்களுக்குத் தாமதமாக வந்த பங்கு அது. பல மாளிகைகள் இதற்குப்பின் விற்கப்பட்டன, பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் மாறின.

ஏகெஸ்கோவ் தன் நிலத்தில் கணிசமான பகுதியைக் காத்துக்கொண்டது. இன்றும் ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் சொத்து உண்டு. அதில் சுமார் 8 சதுர கிலோமீட்டர் வயல், எஞ்சியது பெரும்பாலும் காடு. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் கூலி ஏறி, டிராக்டர் வந்து, நூறு பேர் செய்த வேலையைச் சிலர் செய்யத் தொடங்கியபோது, தானியமும் பாலும் தரும் வருவாய்க்கும் ஏரிக்குள் நிற்கும் ஒரு கட்டடத்தின் பராமரிப்புச் செலவுக்கும் இடையே இருந்த பழைய பொருத்தம் உடைந்தது. 1960களில் தோட்டங்கள் பார்வையாளருக்குத் திறந்தன. 1967இல் பழைய தானியக்களஞ்சியக் கட்டடங்களில் வாகன அருங்காட்சியகம் தொடங்கியது. வைக்கோல் இருந்த இடத்தில் பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விமானங்களும் நிற்கின்றன. கூரையின் உச்சிக்குக் கீழே ஒரு மரப்பொம்மை படுத்திருக்கிறது. அதை நகர்த்தினால் கிறிஸ்துமஸ் இரவில் மாளிகை ஏரிக்குள் மூழ்கிவிடும் என்று பார்வையாளர்களிடம் சொல்கிறார்கள். குடும்பம் இன்றும் அங்கேதான் வாழ்கிறது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் நொபொரிபெட்சு என்ற ஊரில் ஏகெஸ்கோவை அப்படியே பார்த்துக் கட்டிய ஒரு கோட்டை இருக்கிறது. அதே உருண்டைக் கோபுரங்கள், அதே படிப்படியான முகடுகள், சுற்றிலும் அதே போலத் தண்ணீர். உள்ளே மீன் தொட்டிகள். அது ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகம். வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பீப்பாய் ஹார்ட்கோர்ன் நிலம்கூட அதோடு போகவில்லை.